ஆளைப் படுக்கவைத்துப் பார்

மெத்தை தைக்கப் பழக வருகிற பிள்ளைகள் முதலில் ஊசியைத்தான் கேட்பார்கள். நான் உடனே கொடுப்பதில்லை. கடைவாசலில் இருத்தி, வருகிற ஆட்களைப் பார்க்கச் சொல்வேன். கதிரையில் எப்படி இருக்கிறார்? எழும்பும்போது எந்தக் கையை ஊன்றுகிறார்? கூப்பிட்டால் கழுத்து மட்டும் திரும்புகிறதா, உடம்பும் சேர்ந்து திரும்புகிறதா? கிளிநொச்சியில் எங்களிடம் வருகிற பலர் விலை கேட்டுத் தொடங்குவதில்லை. "அண்ணை, நாரி உளையுது, விடிய எழும்பேலாமல் கிடக்கு, என்ன மெத்தை நல்லம்?" என்றுதான் தொடங்குவார்கள். அதற்கான பதில் கேட்கிற ஆளின் உடம்பிலேயே இருக்கிறது. அதைப் பார்க்கப் பழகின பிறகுதான் ஊசி.

வன்னியில் முதுகைப் பார்த்தே தொழிலைச் சொல்லலாம். இரணைமடுத் தண்ணீரில் விளைகிற வயலில் நெல்மூட்டை தூக்கினவருக்கு நாரியின் கீழ்ப்பக்கம் இறுகிக் கிடக்கும். லாண்ட்மாஸ்டர் பிடித்து உழுதவருக்கு அதன் அதிர்வு தோளில் ஏறி நிற்கும். முல்லைத்தீவுக் கடற்கரையில் கரைவலை இழுத்துப் பழகினவர் ஒரு பக்கம் சாய்ந்தே நடப்பார். ஆடைத் தொழிற்சாலையில் மெஷினுக்கு முன்னால் குனிந்திருக்கிற பிள்ளைகளுக்குப் பிடரிக்கும் தோளுக்கும் இடையில் நோ. ஒரே மெத்தையை இந்த நாலு பேருக்கும் விற்கிறவர் வியாபாரம் செய்கிறார். அதில் பிழையில்லை. ஆனால் எங்கள் தொழில் வேறு.

எனக்குத் தொழில் பழக்கியவர் தண்ணீரூற்றில் இருந்த ஒரு நானா. அவரிடம் அளவுநாடா இருந்தது. அது கட்டிலை அளக்க. ஆளை அளக்க அவருடைய கை. வந்தவரைப் பாயில் நேராக மல்லாந்து படுக்கச் சொல்லி, நாரிக்குக் கீழே உள்ளங்கையை நிலத்தோடு ஒட்டி நுழைப்பார். பெண்கள் என்றால் கூடவந்த பெண்ணின் கையை நுழைக்கச் சொல்லிக் கேட்டறிவார். பாயில் எவ்வளவு இடைவெளி விழுகிறது என்று முதலில் தெரிந்துகொள்வார். பிறகு கடையில் இருக்கிற மெத்தை ஒன்றில் படுக்கவைத்து அதே கையை நுழைப்பார். கை தடையில்லாமல் போய் மற்றப் பக்கம் வந்தால் மெத்தை இறுக்கம் கூட. நாரி அந்தரத்தில் நிற்கிறது. கை நுழையவே கஷ்டப்பட்டால் இடுப்பு தாழ்ந்துவிட்டது, மெத்தை தளர்வு. கை முட்டிக்கொண்டு, ஆனால் நோகாமல் போய்வந்தால் அதுதான் அந்த ஆளின் மெத்தை. "மகன், கண் பொய் சொல்லும், விலை பொய் சொல்லும், கை சொல்லாது" என்பார். இன்றுவரை இதைவிட நல்ல அளவுகோல் என் கையில் கிடைக்கவில்லை.

படுக்கவைத்தால் உடனே எழுப்பக் கூடாது. கூச்சத்தில் உடம்பை இறுக்கி வைத்திருப்பார்கள். பத்து நிமிடமாவது விட்டுக் கதை கேட்க வேண்டும்: எத்தனை பிள்ளைகள், வயல் எங்கே, எந்தப் பக்கம் சரிந்து படுக்கிறவர். கதை போகப் போக உடம்பு தன் பாட்டில் தளர்ந்து, வீட்டில் படுக்கிறபடியே திரும்பும். அந்த நேரம்தான் பார்க்க வேண்டிய நேரம். ஒருக்களித்துப் படுத்தவரின் பின்பக்கமாக நின்று பார். பிடரியிலிருந்து இடுப்புவரை முதுகெலும்பு நேர்கோடாக வருகிறதா? இடுப்பு பள்ளத்தில் விழுந்து வளைகிறதா? தோள் உள்ளே போக இடமில்லாமல் மேலே தள்ளுகிறதா? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தால் என்ன நிரப்புவது, எங்கே நிரப்புவது என்பது தானாக வரும்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நானாவும் குடும்பத்தோடு புத்தளம் போனார். சண்டை முடிந்து பல வருடம் கழித்துத் தன் காணியைப் பார்க்க வந்தவர் என் கடைக்கும் வந்தார். தேத்தண்ணிக்கு முன்னமே, தைத்து வைத்திருந்த மெத்தை ஒன்றில் ஏறி ஒருக்களித்துப் படுத்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, "இடுப்பு நல்லாப் பிடிச்சிருக்கு. தோளுக்கு இடம் குடு மகன்" என்றார். பஞ்சை முழு நீளத்துக்கும் ஒரே இறுக்கமாக அடைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அன்றைக்கு அவர் காட்டியபடி, தலைப்பக்கத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, தோள் விழுகிற இடத்தில் மட்டும் பஞ்சைக் கொஞ்சம் தளர்த்தி, இடுப்புப் பகுதியில் மற்ற இடத்தைவிட இறுக்கி அடைக்கிறோம். தோள் நோவோடு வருகிறவர்களுக்கு இந்த ஒரு மாற்றம் செய்கிற உதவி பெரியது.

நாரி நோ என்றால் பலகையில் படு என்று எங்கள் அப்பு ஆச்சிமார் சொல்வார்கள். முன்னர் வைத்தியர்களும் அப்படித்தான் சொன்னார்கள். இயன்மருத்துவம் படித்த பிள்ளை ஒருவர் கடைக்கு வந்தபோது ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். ஸ்பெயினில் நெடுநாள் நாரி நோ உள்ள 313 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு இறுக்கமான மெத்தையும் மற்றப் பிரிவுக்கு நடுத்தர இறுக்க மெத்தையும் கொடுத்து 90 நாள் பார்த்திருக்கிறார்கள். நடுத்தரத்தில் படுத்தவர்களுக்கே நோ கூடக் குறைந்ததாம். 2003இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்ததாம். கேட்கச் சந்தோசமாக இருந்தது. நானாவின் கை முட்டிக்கொண்டு போய்வருகிற அந்த இடமும் நடுத்தரம்தான். ஆனால் ஒன்றை மறக்காதே: நாற்பத்தைந்து கிலோ பிள்ளைக்கு நடுத்தரமான மெத்தை, தொண்ணூறு கிலோ ஆளுக்குத் தளர்வு. நடுத்தரம் என்று உறையில் அச்சடித்து வருவதைக் கேட்டு விற்காதே. பாரத்தைப் பார்.

மெத்தைக்கு முன் கட்டிலைப் பார்க்க வேண்டும். நடுவில் தொய்ந்த பழைய ஸ்பிரிங் கட்டிலில் எந்த மெத்தையைப் போட்டாலும் தொய்வு மேலே வரும். ஒரு ஐயா முதுகு நோவுக்கென்று அடுத்தடுத்து மெத்தை மாற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கட்டிலின் நடுச்சட்டம் வெடித்திருந்தது. தச்சரைக் கூப்பிட்டு வேப்பஞ்சட்டம் ஒன்று போட்டுவிட்டு, இருந்த மெத்தையையே திருப்பிப் போட்டோம். சட்டங்களுக்கு இடையில் மூன்று விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் மெத்தை அதற்குள் இறங்கும். முழுப் பலகையாக இருந்தால் காற்றுப் போகத் துளை வேண்டும். இந்திய வீட்டுத் திட்டத்தில் வீடு கிடைத்த பலர் கட்டில் வாங்க வசதி வரும்வரை சீமெந்துத் தரையில் மெத்தையைப் போட்டார்கள். கோடையில் தெரியாது. மாரி பிடித்து, தரை ஈரம் கக்கத் தொடங்கினால் மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். தரையில் போடத்தான் வேண்டும் என்றால் கீழே பன்பாயை விரித்து, காலையில் மெத்தையைச் சுவரோடு நிமிர்த்தி வைக்கச் சொல்லிக் கொடு.

இன்னொன்று. பாயில் படுத்து, நோவில்லாமல் விடிய எழும்புகிறவரிடம் மெத்தையைப் பற்றிக் கதைக்காதே. பன்பாயில் பழகின முதுகுகள் எங்கள் ஊரில் நிறைய இருக்கின்றன. அவர்களுக்கு ஒரு நல்ல தலையணை தைத்துக் கொடுத்தால் போதும்.

இனிச் சாமான். இலவம்பஞ்சு எங்கள் தொழிலின் தாய்ச்சாமான். பங்குனி, சித்திரையில் காய் முற்றி வெடிக்கும். மரத்தில் வெடித்துப் பறந்ததைப் பொறுக்காதே. வெடிக்கப்போகிற காயைப் பிடுங்கி, வெயிலில் வைத்து, வலைக்குக் கீழே வெடிக்கவிடு. பிறகு கடைதல். குறுக்குச் சிம்பு வைத்த தடியைப் பஞ்சுக்குள் விட்டு உள்ளங்கைகளுக்கு இடையில் உருட்டினால் பஞ்சு மேலே எழும்பும், கொட்டை கீழே இறங்கும். கொட்டை கிடந்த மெத்தையை எலி தேடிவரும், பூச்சி தேடிவரும்; படுக்கிற ஆளின் முதுகும் தேடிக் கண்டுபிடிக்கும். மூக்கு வாய்க்குத் துணி கட்டாமல் கடையாதே, அந்தத் தூள் நெஞ்சுக்குள் போகும். பஞ்சு கிடக்கிற இடத்துக்கு நெருப்புக்குச்சியோடு யாரும் வரக்கூடாது.

இலவம்பஞ்சு இழை உள்ளே வெறுமையான குழாய். மேலே மெழுகுத் தன்மை. அதனால் தண்ணீரை உடனே குடிக்காது, பாரமில்லை, எங்கள் கோடைக்குச் சூடு பிடிக்காது. அதன் குறையையும் தெரிந்திரு. இழை முறியும். பருத்தியைப்போல் திரும்பத் திரும்ப அடித்துப் புதிதாக்க முடியாது. சில வருடத்தில் தூளாகத் தொடங்கும். அப்போது புதுப்பஞ்சு சேர்க்க வேண்டும். வாங்கும்போது ஒரு பிடியை அமத்திவிட்டு விடு. மெதுவாக நிமிர்ந்து பழைய உயரத்துக்கு வந்தால் நல்ல பஞ்சு. அமத்தின இடத்திலேயே கட்டியாக நின்றால் பழம்பஞ்சோ பருத்திக் கழிவோ கலந்திருக்கிறது.

தும்பு முதுகுக்குத் தாங்கு கொடுக்கிற சாமான். பளையில் தென்னை வளர்கிற வீடுகளில் மட்டையை ஊறவைத்துத் தும்பு எடுத்த காலம் உண்டு. சண்டைக் காலத்தில் பாதை பூட்டி, வெளிச்சாமான் வராத வருடங்களில் அந்தத் தும்பும் வளவில் நின்ற இலவமரமும்தான் எங்கள் தொழிலைக் காப்பாற்றின. நீளத்தும்பு தூரிகைக்கும் விளக்குமாற்றுக்கும் போகும், கட்டைத்தும்புதான் மெத்தைக்கு. அதை அப்படியே அடைத்தால் தட்டையாகிப் பலகையாகும். கயிறாக முறுக்கி, முறுக்கோடு கிடக்கவிட்டு, பிறகு பிரித்தால் இழை சுருளும். அந்தச் சுருளில்தான் துள்ளல் இருக்கிறது. இப்போது தெற்கிலிருந்து வருகிற இறப்பர் தும்புத் தட்டு அந்தச் சுருள் தும்புக்கு இறப்பர் பால் தெளித்து, அழுத்தி, சூட்டில் இறுக்கினது. கேகாலை, களுத்துறைப் பக்கத்து இறப்பரும் தென்னந்தும்பும் சேர்ந்த சாமான். நான் நிறையப் பாவிக்கிறேன். விளிம்பை நகத்தால் சுரண்டிப் பார். தும்பு உதிர்ந்தால் பால் போதாது.

ஸ்பொஞ்சைக் கேவலமாகப் பேசமாட்டேன். ஆனால் இளைய பிள்ளைகள் ஒரு விசயத்தில் குழம்புகிறார்கள். 32 என்று எழுதியிருந்தால் அது ஒரு கன மீற்றர் ஸ்பொஞ்ச் 32 கிலோ என்ற கணக்கு. அது அடர்த்தி, எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு அடையாளம். இறுக்கம் வேறு. அடர்த்தி குறைந்த ஸ்பொஞ்சும் புதிதில் இறுக்கமாக இருக்கும். பிறகு இடுப்பு விழுகிற இடம் குழியாகும். சீதனத்துக்கென்று உயரத்தைப் பார்த்து ஒரு அடி ஸ்பொஞ்ச் மெத்தை வாங்கிக் கொடுத்த அப்பா ஒருவர், அடுத்த வருடம் மகளும் மருமகனும் நடுக்குழியில் உருண்டு விழுகிறார்கள் என்று வந்தார். நாரி நோக்காரருக்கு நான் அதிகம் செய்வது இதுதான்: கீழே நாலு அங்குல இறப்பர் தும்பு, மேலே இரண்டு அங்குலம் இலவம்பஞ்சு அல்லது இறப்பர் பால் தட்டு. கீழது தாங்கும், மேலது தோளுக்கும் இடுப்பெலும்புக்கும் இடம் விடும்.

பஞ்சு அடைக்கும்போது மூலைகளை முதலில் நிரப்பு. நடுவில் தொடங்கினால் மூலை கடைசிவரை வெறுமையாகவே கிடக்கும். ஒரு வரிசை நீளப்பாட்டில், அடுத்தது குறுக்குப்பாட்டில். ஒவ்வொன்றையும் தடியால் தட்டி இருத்து. ஆறு அங்குல மெத்தை வேண்டும் என்றால் ஒன்பது அங்குலம் எழும்ப அடை. படுக்கப் படுக்க இறங்கும். வாயைத் தைத்த பிறகு கட்டுப் போடும்போது நடுவிலிருந்து வெளியே போ, ஒரு சாணுக்கு ஒரு கட்டு. எல்லாக் கட்டையும் ஒரே இழுவையில் இறுக்க வேண்டும். ஒன்று கூட இறுகினால் அந்தப் பள்ளத்தின் பக்கத்தில் மேடு எழும்பும். மேடு முதுகில் தெரியும். ஓரத்தை உருட்டித் தைப்பது வடிவுக்கு என்று நினைக்காதே. ஓரம் தளர்ந்தால், விடியக் கட்டிலில் இருந்து எழும்புகிற நாரி நோக்காரர் ஊன்ற இடமில்லாமல் சரிவார்.

தலையணையைச் சின்ன வேலை என்று பழகுபவர்களிடம் தள்ளிவிடுகிற கடைகள் உண்டு. எங்கள் கடையில் அது கடைசியாகப் பழக்குகிற வேலை. மெத்தை கொஞ்சம் பிழைத்தாலும் உடம்பு பொறுக்கும், கழுத்து பொறுக்காது. என்னிடம் பழகின தம்பி ஒருவன் தலையணைகளை முட்ட முட்ட அடைப்பான். குறைத்து அடைத்தால் வாடிக்கையாளரை ஏமாற்றுகிறோம் என்று அவனுக்கு எண்ணம். அவனையே அதில் ஒரு இரவு படுக்கச் சொன்னேன். விடியப் பிடரியைத் தடவிக்கொண்டு வந்தான். பிறகு சொல்லித்தர ஒன்றும் இருக்கவில்லை.

அளவு இதுதான். ஒருக்களித்துப் படுக்கிறவருக்குக் கழுத்தடியிலிருந்து தோள்மூட்டின் வெளி விளிம்புவரை எத்தனை அங்குலமோ, தலை அமத்தின பிறகு தலையணை அத்தனை உயரம் நிற்க வேண்டும். மெத்தையில் தோள் எவ்வளவு இறங்குகிறதோ அதைக் கழித்துவிடு. அதனால்தான் மெத்தையை முடிவு செய்யாமல் தலையணைக்கு அளவு எடுக்க முடியாது. முன்னால் நின்று பார்த்தால் மூக்கும் நெஞ்செலும்பும் ஒரே கோட்டில் வர வேண்டும். மல்லாந்து படுக்கிறவருக்கு அதைவிடத் தாழ்வு. நாடி நெஞ்சை நோக்கிக் குனியக்கூடாது, பின்னாலும் சரியக்கூடாது, பிடரிப் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் கூடப் பஞ்சு. குப்புறப் படுக்கிறவரைப் பக்கவாட்டுக்குப் பழக்கப் பார். முடியாவிட்டால் தலைக்கு மெல்லியது, அடிவயிற்றுக்குக் கீழே இன்னொரு மெல்லியது.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. 2009இல் இடம்பெயர்ந்து செட்டிகுளம் மெனிக் பாமில் தறப்பாளுக்குக் கீழே மண்ணில் படுத்தவர்கள் உடுப்பு மூட்டையைத்தான் தலைக்கு வைத்தார்கள். அந்த முகாம் முழுதாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அங்கே இருந்த காலம் முழுக்க உயரமான, இறுகின மூட்டையில் படுத்த கழுத்துகள் வீடு வந்த பிறகும் அதே உயரத்தைக் கேட்கின்றன. கழுத்து நோவுக்குக் காரணமும் அந்த உயரம்தான். இவர்களுக்குச் சரியான அளவுத் தலையணையை உடனே கொடுத்தால் நித்திரை வராது, அடுத்த நாள் மூட்டைக்கே திரும்பிவிடுவார்கள். நான் ஒரு பக்கம் சிப் வைத்து, அவர்கள் பழகின உயரத்துக்கே அடைத்துக் கொடுப்பேன். கிழமைக்கு ஒரு பிடி பஞ்சை வெளியே எடுக்கச் சொல்வேன். கழுத்து அறியாமலே உயரம் இறங்கும். அவசரப்பட்டு இரண்டு பிடி எடுத்தவர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள், பொறுத்தவர்கள் வரவில்லை.

தோள் நோவுக்கு ஒரு தலையணை போதாது. ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளை ஒருத்திக்கு வலது தோள் நோ. இடது பக்கம் படுத்தாலும் விடிய நோகிறது என்றாள். படுக்கவைத்துப் பார்த்தால் மேலே கிடந்த வலது கை முன்னால் தொங்கி, இரவு முழுக்கத் தோளை இழுத்துக்கொண்டிருந்தது. நெஞ்சோடு அணைக்க ஒரு நீளத் தலையணை தைத்துக் கொடுத்தோம். முழங்கையும் மணிக்கட்டும் அதன்மேல் இருக்கும்படி. முழங்கால்களுக்கு இடையில் இன்னொன்று வைத்தால் இடுப்பு திருகாது. மல்லாந்து படுக்கிற நாரி நோக்காரருக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்று. இவை பெரிய செலவில்லாத வேலைகள். மிஞ்சின பஞ்சிலும் துண்டுத் துணியிலும் முடியும்.

உடம்பில் செல் பீஸ் இருக்கிறவர்கள் வருவார்கள். தோட்பட்டைக்குப் பின்னால் செல் துண்டோடு வாழ்கிற ஒருவருக்கு, அந்த இடம் விழுகிற பகுதியில் தும்பை வெட்டியெடுத்து இலவம்பஞ்சுப் பை வைத்துத் தைத்தோம். எங்கே நோகிறது என்று அவரே சோக்கட்டியால் மெத்தையில் குறித்தார். இப்படியானவர்களிடம் கேள்வியைக் குறைத்து, சொல்வதைக் கேள்.

எங்கள் கை எட்டாத இடத்தையும் தெரிந்துகொள். கால் விறைக்கிறது, பலம் குறைகிறது, சலம் மலம் கட்டுப்பாட்டில் இல்லை, நோவோடு காய்ச்சல் இருக்கிறது, காரணமில்லாமல் மெலிகிறார் என்றால் மெத்தை விற்காதே. கிளிநொச்சி வைத்தியசாலைக்கோ முல்லைத்தீவு மாஞ்சோலை வைத்தியசாலைக்கோ உடனே போகச் சொல். முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாதவர்களுக்குக் கட்டு முடிச்சும் தையல் மேடும் ஆபத்து. நோகாததால் தெரியாது, படுக்கைப்புண் வந்த பிறகுதான் தெரியும். அவர்களுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்கிற கையும், வைத்தியர் சொல்கிற காற்று மெத்தையும் வேண்டும். மாங்குளத்தில் முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று உயிரிழை அமைப்பு இருக்கிறது. அந்த அனுபவம் அவர்களிடம் உண்டு. அங்கே அனுப்பு. அனுப்புவதால் எங்கள் தொழில் சிறுக்காது.

மெத்தை கொடுத்து ஒரு மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போ. பஞ்சு இறங்கி இருப்பது அப்போதுதான் தெரியும். நாரிக்குக் கீழே கையை நுழைத்துப் பார், தலைமாடு கால்மாடு மாற்றிப் போடச் சொல், காலை வெயிலில் காயவைக்கச் சொல். "நல்லா இருக்கோ?" என்று கேட்காதே, முகத்துக்காக நல்லம் என்றுதான் சொல்வார்கள். இரவில் எத்தனை தரம் முழிப்பு வருகிறது, விடிய எழும்பி நிமிர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கேள். முன்னரைவிடக் குறைந்திருந்தால் மெத்தை சரி. குறையவில்லை என்றால் தையலைப் பிரித்து, எடுக்க வேண்டிய இடத்தில் எடு, சேர்க்க வேண்டிய இடத்தில் சேர். அதற்குக் காசு கேட்காதே. தைத்த கூலிக்குள் அந்த வேலையும் அடங்கும்.